எவ்வளவு ஆழம் பாதுகாப்பான ஆழம்? கொல்கத்தாவின் பாதாளச் சாக்கடை வரலாற்றிலிருந்து

பாதாளச் சாக்கடைக் குழாயை எவ்வளவு ஆழத்தில் புதைப்பது பாதுகாப்பானது என்று கேட்டால், சிவில் பொறியியல் மாணவர் தயங்காமல் ஒரு விடை சொல்வார். குழாயின் மேற்புறத்துக்கும் சாலைப் பரப்புக்கும் இடையே பொதுவாக 1 மீட்டர் மண்மூடல் வேண்டும். அதற்கு இடமில்லையெனில் குழாயைச் சுற்றிக் காங்கிரீட் உறை இட வேண்டும். குளிர்நாடுகளில் இவ்வளவு மாறும். அங்கே குளிர்காலத்தில் நிலம் எவ்வளவு ஆழம் வரை உறைகிறதோ அதற்கும் கீழே குழாய் செல்ல வேண்டும். நமக்கு உறைபனிக் கவலை இல்லை. சக்கரத்தின் சுமையே கவலை. ஆகவே நம் 1 மீட்டர் என்பது மேலே ஓடும் வண்டியிடமிருந்து குழாயைக் காப்பதற்கான அளவு. குழாயைத் தவிர வேறு எவருக்கு அந்த ஆழம் பாதுகாப்பானது என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

இந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கொல்கத்தாவின் சாக்கடை வரலாற்றைப் படிக்கப் புகுந்தால் ஒன்றும் விளங்காது. ஏனெனில் அந்நகரில் குழாயின் ஆழத்தைத் தீர்மானித்தது தெருவில் சென்ற வண்டி அன்று. நகருக்கு வெளியே, கிழக்கில், கழிவுநீர் எங்கே போய் விழுகிறது என்பதுதான். ஆழத்தின் கணக்கு கடைசி முனையில் தொடங்கிப் பின்னோக்கி வருகிறது. இதனைப் புரிந்துகொள்ள முதலில் அந்நிலத்தைப் பார்க்க வேண்டும்.

கொல்கத்தா ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்த நகரம். கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 6 மீட்டர்தான். வெள்ளந்தோறும் ஆறு தன் கரையிலேயே வண்டலைக் கொட்டி வந்ததால், கரையோரம் சற்று மேடாகவும் அங்கிருந்து விலகிச் செல்லச் செல்லத் தாழ்வாகவும் நிலம் அமைந்துள்ளது. நகரின் இயற்கைச் சரிவு ஆற்றை நோக்கியதன்று. ஆற்றுக்கு முதுகு காட்டிக் கிழக்கே உப்பேரிகள் எனப்பட்ட சதுப்புப் பரப்பை நோக்கியது. ஹூக்ளியோ ஓத ஆறு. மழைக்காலத்தில் ஓதம் ஏறும்போது ஆற்று நீர்மட்டம் நகரின் தாழ்ந்த தெருக்களை விட உயர்ந்து நிற்கும். ஆற்றங்கரை நகரத்தின் கழிவு ஆற்றில் விழும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. இங்கே நிலமே அதற்கு எதிராக இருந்தது.

1803 ஜூன் மாதம் வெல்லெஸ்லி பிரபு எழுதிய நகர மேம்பாட்டுக் குறிப்பு, வடிகால்களும் நீர்வழிகளும் மிகக் குறைபாடுடையன என்று வெளிப்படையாகச் சொன்னது. அதன் பின்னர் 1817 முதல் 1836 வரை லாட்டரிக் குழு சீட்டுக் குலுக்கலில் திரட்டிய பணத்தில் நகரில் பல தெருக்களை அமைத்தது. தெரு கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழாவுக்கு ஏற்றது, வடிகால் அப்படியன்று. காய்ச்சல் மருத்துவமனைக் குழு 1836இல் அமைக்கப்பட்டு, மருத்துவமனையைப் பற்றி விசாரிக்கப் புகுந்து வடிகாலைப் பற்றிச் சாட்சியம் திரட்டுவதில் ஆண்டுகளைச் செலவிட்டது. நோய்க்கும் தேங்கிய நீருக்கும் உறவு உண்டு என்று எல்லோரும் நம்பினர். உறவின் தன்மையைப் பற்றிய நம்பிக்கைதான் வேறு: அழுகலிலிருந்து எழும் நச்சாவியே நோய் என்பது அக்காலக் கொள்கை. ராபர்ட் கோக் இந்நகருக்கு வந்து வாந்திபேதிக் கிருமியைக் குளத்து நீரில் கண்டது 1884இல்தான். அதற்குள் சாக்கடை கட்டி முடிந்திருந்தது. ஆழப் புதைத்தல் என்பது நீரை நகர்த்துவதற்கு மட்டுமன்று, ஆவியை மனிதர் மூக்கிலிருந்து விலக்குவதற்குமான வழியாக அன்று எண்ணப்பட்டது என்பதை இங்கே நினைவிற்கொள்வது நல்லது.

நகராட்சியின் பொறியாளர் வில்லியம் கிளார்க் 1855இல் தம் திட்டத்தை முன்வைத்தார். 1859இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. லண்டனில் ஜோசப் பசல்கெட் தேம்ஸ் நதிக்கு இணையாகப் பெருஞ்சாக்கடைகளைக் கட்டத் தொடங்கியதும் அதே ஆண்டுகளில்தான். ஆகவே கொல்கத்தாவின் சாக்கடையைப் பேரரசுத் தலைநகரத்திலிருந்து காலங்கடந்து வந்த நகல் என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே தலைமுறையின் சோதனைகள். கிளார்க்கின் திட்டம் மழைநீரையும் வீட்டுக் கழிவையும் ஒரே குழாயில் கொண்டு செல்லும் கூட்டுமுறை. ஆற்றங்கரை மேட்டில் தொடங்கி மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் செங்கல் பெருஞ்சாக்கடைகள், நகரின் கிழக்கெல்லையில் பாமர்ஸ் பிரிட்ஜ் நீரேற்று நிலையத்தில் சேரும். அங்கிருந்து நீராவிப் பொறிகள் கழிவைத் தூக்கி உப்பேரிகளின் பக்கம் செல்லும் கால்வாயில் விடும். அது பித்யாதரி ஆற்றைச் சேர்ந்து கடலுக்குப் போகும். பணி 1875 அளவில் நிறைவுற்றது.

நிலையத்தில் ஏன் தூக்க வேண்டியிருந்தது? இங்கேதான் ஆழத்தின் கணக்கு வருகிறது. நம் கொத்தனார்கள் தரை போடும்போது 'வாட்டம் விடுதல்' என்பார்களே, அதுதான் சாக்கடைக்கும் உயிர். வாட்டம் குறைந்தால் நீர் மெதுவாகச் செல்லும். மெதுவாகச் சென்றால் மணலும் மலமும் அடியில் படியும். விநாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகம் இருந்தால்தான் குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்பது இன்றும் வழங்கும் விதி. ஒரு விளக்கக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது கிளார்க்கின் வரைபட அளவன்று, என் எடுத்துக்காட்டு மட்டுமே. ஆயிரத்துக்கு ஒன்று என்ற மிதமான வாட்டத்தில் 3 கி.மீ. ஓடும் சாக்கடை, முடிவில் தொடக்கத்தைவிட 3 மீட்டர் தாழ்ந்திருக்கும். தொடக்கத்தில் மண்மூடல் 1.5 மீட்டர், குழாயின் உயரம் 2 மீட்டர் எனக் கொண்டால், 6 மீட்டர் உயர நிலத்தில் புறப்பட்ட சாக்கடையின் அடித்தளம் கிழக்கெல்லையை அடையும்போது கடல்மட்டத்துக்கு அருகில் வந்து நிற்கிறது. தரையும் கிழக்கே சரிவதால் தோண்டும் ஆழம் சற்றுக் குறையும்; கடல்மட்டக் கணக்கு மாறாது. கடல்மட்டத்தில் நிற்கும் கழிவை ஓதம் ஏறி இறங்கும் ஆற்றில் பொறியின்றிச் சேர்க்க வழியில்லை.

ஆகவே பொறியாளர் முன் இரண்டே வழிகள். வாட்டத்தைக் கூட்டினால் ஆழம் கூடும். ஆழம் கூடினால் தோண்டும் செலவும் தூக்கும் செலவும் கூடும். வாட்டத்தைக் குறைத்தால் ஆழம் மிச்சமாகும், வண்டல் படியும். கொல்கத்தாவைப் போன்ற தட்டையான நகரங்கள் எல்லாம் இரண்டாவது வழியை நோக்கியே சாய்கின்றன. சென்னையில் நூற்றுக்கும் மேற்பட்ட கழிவுநீரேற்று நிலையங்கள் தெருக்களின் இடையே நிற்பதற்கும் இந்தத் தட்டைநிலமே காரணம். ஆனால் மிச்சப்பட்ட ஆழத்தின் விலையை யாரோ கொடுத்தாக வேண்டும். படிந்த வண்டல் தானாக வெளியே வராது. ஹூக்ளியின் வடிகட்டாத நீரைத் தனிக் குழாய்களில் நகருக்குள் செலுத்தித் தெருக்களையும் சாக்கடைகளையும் கழுவும் ஏற்பாடு ஒன்று கொல்கத்தாவில் உண்டு. மல்லிக் காட் நிலையம் அதற்காக ஏற்பட்டது. அதுவும் ஓரளவுக்குத்தான் உதவும். மற்றதற்கு மனிதர் இறங்க வேண்டும். பெருஞ்சாக்கடைகள் மனிதர் உள்ளே நுழைந்து நடமாடும் அளவில் கட்டப்பட்டதன் பொருளை, பெருமழை நீருக்கான கொள்ளளவு என்று மட்டும் பொறியியல் வரலாறுகள் விளக்குகின்றன. அவ்விளக்கம் பாதிதான் என்பது என் கருத்து. வண்டல் படியும் என்று தெரிந்தே கட்டிய குழாய் அது. உள்ளே ஆள் இறங்குவார் என்ற எண்ணம் அதன் குறுக்களவிலேயே இருக்கிறது.

மண்ணைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கொல்கத்தாவின் அடிநிலம் மென்களிமண். இடையிடையே மக்கிய தாவரங்களாலான கரிய அடுக்குகள். நிலத்தடி நீர் மழைக்காலத்தில் தரையை எட்டிப் பார்க்கும். இத்தகைய மண்ணில் ஆழம் வேறு விதமான ஆபத்துகளைத் தருகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வெற்றுக் குழாய் படகைப் போல மிதக்க முயலும். அதனை அழுத்திப் பிடிக்க மேலே போதிய மண்ணோ குழாய்க்கே போதிய எடையோ வேண்டும். அதாவது, மேலிருந்து வரும் சுமைக்குப் பயந்து மட்டுமன்றி, கீழிருந்து வரும் நீரின் தூக்கலுக்குப் பயந்தும் மண்மூடல் தேவைப்படுகிறது. எடைமிக்க செங்கல் கட்டுமானத்துக்கு இவ்வகையில் ஒரு நன்மை இருந்தது. அதன் தீமை மூட்டுகளில். செங்கற்களுக்கு இடையேயுள்ள சாந்து நூறாண்டில் அரிபடுகிறது. இடைவெளி வழியே வெளிநீர் உள்ளே கசிகிறது. நீரோடு நுண்மண்ணும் வருகிறது. சாக்கடைக்கு வெளியே மெல்ல ஒரு வெற்றிடம் உருவாகிறது. தெரு ஒருநாள் திடீரென்று உள்வாங்கும்போது நாம் லாரியைக் குற்றஞ்சொல்கிறோம். லாரி கடைசியாக வந்தது, அவ்வளவே.

சுமையைப் பற்றிய கோட்பாடு இந்தச் சாக்கடைகளுக்குப் பிந்தியது என்பது வியப்பளிக்கும் செய்தி. தரையின் மேல் வைத்த பாரம் மண்ணுக்குள் எவ்வாறு பரவுகிறது என்பதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பூசினெஸ்க் 1885இல் வெளியிட்டார். ஆழம் இரட்டித்தால் ஒற்றைச் சக்கரத்தின் அழுத்தம் நான்கிலொன்றாகும் என்ற எளிய உண்மை அதிலிருந்து கிடைக்கிறது. பள்ளத்தில் இட்ட குழாயின் மேல் நிரப்பு மண் எவ்வளவு சுமையைத் தருகிறது என்பதை அமெரிக்காவின் அயோவாவில் ஆன்சன் மார்ஸ்டன் 1913இல் வகுத்தார். பள்ளத்தின் அகலம் கூடக்கூடக் குழாயின் மேல் சுமை கூடும் என்பது அவருடைய முக்கியமான முடிவு; ஒரே ஆழத்தில் குறுகிய பள்ளம் பாதுகாப்பானது, அகன்ற பள்ளம் ஆபத்தானது. இன்றும் பள்ளத்தின் அகலத்தைக் கவனியாமல் ஆழத்தை மட்டும் அளந்து பணியை முடித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. கிளார்க்கிடம் இவ்விரண்டு கோட்பாடுகளும் இல்லை. வளைவின் வலிமையைப் பற்றிய அனுபவ அறிவும் மாட்டுவண்டிகள் ஓடிய தெருவும்தான் இருந்தன. 1873இல் குதிரை டிராம் வந்தது, 1902இல் மின்சார டிராம் வந்தது, பின் பேருந்தும் லாரியும் வந்தன. எண்ணியிராத பாரத்தை அந்த வளைவுகள் தாங்கி நின்றன என்றால், வாட்டத்துக்காக அவை ஏற்கெனவே ஆழத்தில் இருந்தது ஒரு காரணம். சுமைக்கான ஆழமாக யாரும் அதைக் கணக்கிடவில்லை.

இனிக் கிழக்கு முனைக்குத் திரும்பலாம். திட்டம் முழுவதும் பித்யாதரி என்ற ஓத ஆற்றை நம்பி நின்றது. உப்பேரிகளில் ஓதநீர் பரவித் திரும்பும் வேகத்தில்தான் அந்த ஆறு தன் படுகையைச் சுத்தமாக வைத்துக்கொண்டது. அந்தப் பரப்பு குறையக் குறைய, நகரின் கழிவு வண்டலும் சேரச் சேர, ஆறு தூர்ந்தது. 1928இல் பித்யாதரி செத்த ஆறு என அறிவிக்கப்பட்டது. நகரத்தின் கீழே கிடந்த ஒரு செங்கல்லும் அசையவில்லை. ஆயினும் அந்தச் சாக்கடைகள் அனைத்தின் ஆழமும் அன்று பொருளிழந்தது.

அதே 1928இல் கொல்கத்தா மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பிரபாவதி தாஸ்குப்தாவும் முசாபர் அகமதும் அவர்களுடைய சங்கத்தில் முன்நின்றனர். 1924இல் சித்தரஞ்சன் தாஸ் முதல் மேயராக அமர்ந்த மாநகராட்சி அது; விடுதலை இயக்கத்தின் பெருமிதமாக விளங்கிய அமைப்பு. அதன் தொழிலாளரே அதனை எதிர்த்து நின்றது அக்கால அரசியலுக்குச் சங்கடமாக இருந்தது. தனிகா சர்க்கார் இத்தொழிலாளரின் சாதி நிலையையும் போராட்டத்தையும் பற்றி விரிவாக எழுதியுள்ளார். பொறியியல் வரலாறு பித்யாதரியை எழுதுகிறது. தொழிலாளர் வரலாறு வேலைநிறுத்தத்தை எழுதுகிறது. ஒன்று மற்றொன்றைப் பார்ப்பதில்லை. வெளியேற்றம் தடைப்பட்டால் உள்ளே வண்டல் கூடும், வண்டல் கூடினால் இறங்குபவரின் வேலை கூடும் என்ற நேரடித் தொடர்பு இவ்விரு எழுத்துகளுக்கும் இடையே விழுந்து கிடக்கிறது. நம் துறையில் ஆய்வேட்டுக்குப் பொருள் தேடும் மாணவர் எவரேனும் இதனை எடுத்துக்கொண்டால் நன்று.

மாநகராட்சியின் பொறியாளர் பி. என். டே குல்தி ஆற்றை நோக்கி நீண்ட கால்வாய்களை வகுத்தார். வறட்காலக் கழிவுக்கு ஒன்று, மழைக்கால வெள்ளத்துக்கு ஒன்று. 1943இல் இது நிறைவேறியது. வழியிலிருந்த மீன்பண்ணைகள் கழிவுநீரை வாங்கி மீன் வளர்த்தன. இன்று கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் என்று உலகம் அறிந்த, 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த, 12,500 ஹெக்டேர் பரப்பு அது. அதன் மதிப்பை உலகுக்கு எடுத்துரைத்த துருவஜோதி கோஷ் தாமே ஒரு பொறியாளர். அந்த வரலாறு தனியாக எழுதப்பட வேண்டியது, இங்கே விட்டுவிடுகிறேன்.

பிற்காலத்தில் ஆழத்துக்குப் போட்டியாளர்களும் வந்தனர். 1984இல் திறக்கப்பட்ட கொல்கத்தா மெட்ரோ, சௌரங்கி வழியாகவும் சித்தரஞ்சன் அவென்யூ வழியாகவும் தெருவை மேலிருந்து வெட்டித் திறந்து கட்டப்பட்டது. மெட்ரோ வடக்கு–தெற்கு, பெருஞ்சாக்கடைகள் மேற்கு–கிழக்கு. இரண்டும் குறுக்கிடாமல் இருக்க முடியாது. நிலத்தடிக் குழாய்களை இடம் மாற்றுவது அந்தப் பணியின் பெருஞ்சுமைகளுள் ஒன்றாயிற்று. 2019 ஆகஸ்ட் 31 அன்று கிழக்கு–மேற்கு மெட்ரோவின் துளைப்பொறி பௌபஜாரில் நீர்த்தாங்கு மண்ணைத் துளைத்தபோது மேலிருந்த வீடுகள் விரிசல் கண்டு சரிந்தன. மென்களிமண்ணும் உயர்ந்த நீர்மட்டமும் எத்தகையவை என்பதைக் கிளார்க்கின் காலத்துக்குப் பின் நகரம் மீண்டும் ஒருமுறை கண்டது.

சுமார் 180 கி.மீ. நீளமுள்ள பழைய செங்கல் சாக்கடைகளை இடித்துப் புதிதாகக் கட்டவில்லை. வண்டலை வெளியேற்றி, உள்ளே கண்ணாடியிழை வலுவூட்டிய பிளாஸ்டிக் உறையைச் செருகி, உறைக்கும் செங்கல்லுக்கும் இடையே சாந்து செலுத்திக் காத்துவருகிறார்கள். ஆழம் மாறவில்லை, வாட்டம் மாறவில்லை. மணிக்கு ஏறத்தாழ 6 மி.மீ. மழைக்கு வகுத்த அமைப்பு என்று இன்றும் சொல்லப்படுகிறது. 2025 செப்டம்பர் 22–23இல் ஒரே நாளுக்குள் 250 மி.மீ.க்கு மேல் பெய்தது. நீரில் பாய்ந்த மின்சாரத்தால் பலர் உயிரிழந்தனர்.

தொடக்கத்தில் சொன்ன 1 மீட்டருக்கு வருகிறேன். நம் தரக்கட்டுப்பாட்டு விதிகளில் மற்றோர் எண்ணும் உண்டு. அகழ்வுப் பணிப் பாதுகாப்புக்கான இந்தியத் தரநிலை 3764, பள்ளம் 1.5 மீட்டரைத் தாண்டினால் பக்கங்களுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறது. அதற்குக் கீழே மண்சரிவில் மனிதர் புதையுண்டு போகக்கூடும் என்பதே காரணம். 1 மீட்டருக்கு மேல் மண் இருந்தால் குழாய் பாதுகாப்படைகிறது, 1.5 மீட்டருக்குக் கீழே சென்றால் மனிதர் பாதுகாப்பிழக்கிறார். குழாயின் குறுக்களவையும் சேர்த்தால் எந்தப் பெருஞ்சாக்கடைப் பள்ளமும் இரண்டாவது எல்லையைக் கடந்தே தீரும். ஆனால் முதல் எண் வகுப்பறையில் கற்பிக்கப்படுகிறது. இரண்டாவதை ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று தள்ளிவிடுகிறோம்.

பள்ளம் மூடியபின் ஆபத்து வேறு வடிவம் கொள்கிறது. வாட்டம் குறைந்த சாக்கடையில் தங்கும் கழிவு, வெப்ப நாட்டில் விரைவில் அழுகி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடுகிறது. அது காற்றைவிடச் சற்றுக் கனமானது. காற்றோட்டமில்லாத ஆழ்ந்த குழியில் அடியில் தங்கும். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். செறிவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். இறங்கியவர் நாற்றம் நின்றதென்று எண்ணும் அந்நேரம்தான் மிகக் கொடியது. முதலில் இறங்கியவரைக் காக்க இரண்டாமவர் இறங்குவதும், இருவரையும் தேடி மூன்றாமவர் இறங்குவதும் இந்தியச் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி.

2013இல் இதற்கெனச் சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. 2023இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. இடையில், 2021 பிப்ரவரியில், கொல்கத்தாவின் குட்காட் பகுதியில் சாக்கடைப் பணியின்போது குழிக்குள் இறங்கிய தொழிலாளர் நால்வர் இறந்தனர். 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதர் சாக்கடைக்குள் இறங்குவதைத் தடை செய்து ஆணையிட்டது. பிப்ரவரி 2 அன்று கொல்கத்தாவின் கிழக்கே பாந்தலா தோல் தொழில் வளாகத்தில் ஆளிறங்கு குழியொன்றில் மூன்று தொழிலாளர் இறந்தனர். பி. என். டே வகுத்த கால்வாய்கள் குல்தியை நோக்கிச் செல்லும் வழியில்தான் பாந்தலா இருக்கிறது.